குகைவாசல் புத்தகத்தில் ஒரு நேர்க்கோடு

ஹெட்விக் ஷெல்பெர்ட்டுக்கு ஒரு வியாதி உண்டு. எதுவும் கோணலாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. அடுத்தவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனாலும், சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். ஒருமுறை பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ப் பீடத்து மெழுகுவர்த்தியை நேராக்கிவிட்டு வந்தவள். பாதிரியார் என்ன செய்வார் பாவம், நன்றி சொன்னார்.

இப்படிப்பட்டவளுக்கு ஏற்ற வேலையாகத்தான் ஊராட்சியும் பார்த்துக் கொடுத்திருந்தது. பள்ளத்தாக்கின் மலைப்பாதைகளுக்கெல்லாம் மஞ்சள் அடையாளம் போடுகிற வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் முதுகுப்பையில் பெயிண்ட் டப்பா, பிரஷ், நடுவில் சாய்சதுரம் வெட்டிய ஒரு தகரத் தட்டு, இவற்றோடு ஏறுவாள். மழை கழுவிய அடையாளங்களுக்குத் தட்டை வைத்துப் புதுச்சாயம் பூசுவாள். வழிதவறி ஒருத்தன் செத்தான் என்ற பேச்சு அவள் பாதையில் வந்ததில்லை.

அந்தத் தகரத் தட்டின் விளிம்பை வைத்து அவள் ஒருநாள் ஒரு கோடு போட்டாள். ஒரு மனுஷனின் பெயர்மேல் போட்டாள். இரண்டு வருடமாக அந்தக் கோடு அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த மனுஷனின் மனைவி பிரிஷ்கா வந்தது வெள்ளிக்கிழமை மதியம். பிரிஷ்காவும் ஹெட்விக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. ஐம்பத்தெட்டு வயதிலும் பார்த்தவுடனே ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்குப் பிரிஷ்கா கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றாள். கையில் பழுப்புக் காகித உறை.

"போலீஸ்காரங்க கேஸை மூடிட்டாங்களாம். அவனோட சாமானை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஹெல்மெட்டு, விளக்கு, கயிறு. கூடவே இதையும்" என்று உறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தாள்.

ஹெட்விக்குக்குத் தெரிந்த புத்தகம்தான். பச்சை அட்டை, கட்டம்போட்ட தாள், முனையில் ஈரம்பட்டு உப்பியிருந்தது. வின்ட்லோக் குகை வாசலில் தகரப் பெட்டிக்குள் கிடந்த புத்தகம். உள்ளே போகிறவன் பெயர் எழுத வேண்டும், போன நேரம் எழுத வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுத வேண்டும். வெளியே வந்ததும் தன் பெயரைக் கோடுபோட்டு அடித்துவிட வேண்டும். மாலையில், பத்து நிமிட நடையில் கோடையில் மாடு மேய்க்கக் கொட்டகை வைத்திருக்கும் டொமினி வந்து பார்ப்பார். அடிக்காத பெயர் ஒன்று இருந்தால், சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் பொறுத்துவிட்டு, மீட்புக் குழுவுக்குப் போன் போடுவார். மற்ற ஊரில் எப்படியோ, அந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தன் உயிர் அந்தப் பென்சில் கோட்டில்தான் இருந்தது.

"பாரு" என்றாள் பிரிஷ்கா. பக்கத்தைப் புரட்டி விரலால் தட்டினாள். "அந்தக் கோடையிலதான் புதுப் புத்தகம் வெச்சாங்க. இதுல அவன் பேர் நாலு தடவை வருது. மூணு தடவை அடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு. கோழி கிண்டின மாதிரி. தச்சன்னு பேரு, பென்சில் எடுத்தா ஒரு கோடு நேரா வராது அவனுக்கு. நாலாவதைப் பாரு."

நாலாவது வரி. *வெண்டலின் ஹைன்ஸர். காலை பத்து. மாலை நாலு.* அதன்மேல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல், நேராக ஒரு கோடு.

"எதையோ வெச்சுக் கோடு போட்டிருக்கான்டி. உள்ள போறதுக்கு முன்னாடியே நிதானமா, அழகா அடிச்சுட்டுப் போயிருக்கான். யாரும் தேடி வந்துடக் கூடாதுன்னு." பிரிஷ்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "முப்பத்தொரு வருஷம் எனக்கு ஒரு அலமாரிக் கதவை நேரா மாட்டிக் கொடுக்கலை. சாகப் போறப்ப மட்டும் பயலுக்குக் கை நேரா வந்திருக்கு."

கோட்டின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை இருந்தது. ஹெட்விக்கின் கண் அதை விட்டு நகரவில்லை.

"அது என்ன கறைன்னு பாக்கறியா? நானும் பாத்தேன். புல்வெளிப் பூவோட மகரந்தமா இருக்கும். போற வழியில பூ பறிச்சிருக்கான் போல. சாகப் போறவனுக்குப் பூ கேக்குது." பிரிஷ்கா புத்தகத்தை மூடினாள். "திங்கக்கிழமை கல்தச்சன்கிட்ட சொல்லணும். கல்லறையில மரச்சிலுவையை எடுத்துட்டுக் கல்லு வைக்கச் சொல்லி ஊராட்சிக் கடிதம் வந்துருச்சு. ஒத்தைப் பேர்க் கல்லா, ரெட்டைப் பேர்க் கல்லான்னு கேக்கறான். ஒத்தைன்னு சொல்லப் போறேன். என்னை வேணாம்னு போனவன் பக்கத்துல நான் ஏன்டி போய்ப் படுக்கணும்?"

"அவசரப்படாத பிரிஷ்கா."

"ரெண்டு வருஷமாச்சு, அவசரமாம்! அவனுக்கு வருஷப் பூசைகூட நான் வைக்கலை. ஊரே கேட்டாச்சு. எந்த வாயால வைக்கறது?" அவள் எழுந்தாள். "நாளைக்கு நீ மேல ஏறுவல்ல? என்னையும் கூட்டிட்டுப் போ. அந்த இடத்தை ஒரு தடவை என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு வந்து முடிவு சொல்றேன். உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

கடைசி வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம். ஹெட்விக் அன்று படுத்தாளே தவிரத் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். வெண்டலினுக்கு மறதி. பெயர் எழுதுவான், வெளியே வருவான், அடிக்க மறந்துவிட்டு இறங்கிப் போய்விடுவான். எட்டு வருடத்துக்கு முன் அப்படி ஒருநாள் மறந்ததில், பதினொரு பேர் விளக்கும் ஸ்ட்ரெச்சருமாகக் குகைக்குள் நுழைந்து தேடுதேடென்று தேடினார்கள். ஐயா கீழே சத்திரத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். அந்த வருடக் கார்னிவல் ஊர்வலத்தில் அட்டைக் குகை ஒன்றைச் செய்து, அதற்குள் பதினொரு பேர் தேடுவதுபோலவும், மேலே ஒருத்தன் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பதுபோலவும் வண்டி ஓட்டிவிட்டார்கள். பள்ளத்தாக்கே வயிறு வலிக்கச் சிரித்தது. வெண்டலினும் சிரித்தான், ஆனால் ஒரு மாதம் சத்திரத்துப் பக்கம் தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகு ஹெட்விக் சனிக்கிழமை அந்தப் பக்கம் போகும்போது புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பாள். வெண்டலின் பெயர் அடிக்காமல் கிடக்கும், ஆள் கீழே புல்வெளியில் இறங்கிப் போய்க்கொண்டிருப்பான். தலையில் அந்தச் சிவப்பு ஹெல்மெட். அவள் அடித்து வைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. அவனும் யாரிடமும் சொன்னதில்லை. நன்றிக்கு, உள்ளே போகும்போதே தகரப் பெட்டிக்குள் ஒரு துண்டு பேரிக்காய் ரொட்டி வைத்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் அவர்களுக்குள். கள்ளத்தனம் எதுவும் கிடையாது. சிநேகிதியின் புருஷன், ஊர்ச் சிரிப்புக்கு ஆளானவன், பாவம் என்கிற எண்ணம்தான்.

அந்த செப்டம்பர்ச் சனிக்கிழமை மணி மூன்றரை. தூற்றல் போட ஆரம்பித்திருந்தது. ஹெட்விக் குகைவாசல் பாறையில் அடையாளம் பூசிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பெயர் அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், காட்டோரப் பாதையில், ஒரு சிவப்பு ஹெல்மெட் இறங்கிப் போனது. கையை ஆட்டினாள். அந்த ஹெல்மெட்டும் கையை ஆட்டியது. 'மறந்துட்டியா, தடியா' என்று சிரித்துக்கொண்டே, கையிலிருந்த தகரத் தட்டை வைத்துக் கோடு போட்டாள். பிறகு வாசல் கல்லில் உட்கார்ந்து பேரிக்காய் ரொட்டியைத் தின்றாள். நன்றாக இருந்தது. தூற்றல் வலுத்ததும் இறங்கினாள்.

அந்த ஹெல்மெட் எவனோ ஒரு வெளியூர்க்காரனுடையது. வெண்டலின் உள்ளே இருந்தான்.

பிரிஷ்கா அந்த வாரம் கூர் நகரத்தில் அக்கா வீட்டில். ஞாயிறு மாலை திரும்பி, வீட்டில் ஆள் இல்லாததைக் கண்டு டொமினிக்குப் போன் போட்டாள். "பேரு அடிச்சிருக்கும்மா, சனிக்கிழமையே வெளிய வந்துட்டான்" என்றார் அவர். திங்கட்கிழமை பள்ளத்தாக்கே தேடியது. ஓடையைத் தேடியது, ஏரிக்கரையைத் தேடியது. ஹெட்விக்கும் வரிசையில் நின்று தேடினாள். "சனிக்கிழமை மூணரைக்கு நான் அவனைப் பாத்தேன், இறங்கிப் போனான்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள். மதியத்துக்கு மேல்தான் உள்ளுக்குள் ஏதோ உறைந்தது. முகத்தைப் பார்க்கவில்லையே, ஹெல்மெட்டைத்தானே பார்த்தோம்? அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, செவ்வாய்க் கிழமை காலையில் "எதுக்கும் குகையையும் ஒரு எட்டுப் பாத்துடலாமே" என்றாள்.

இரண்டாம் கூடத்துக்கு மேலே, கூரைக்கல் தளர்ந்திருக்கும் பக்கச்சந்தில் கிடந்தான். தொடைமேல் பலகைபோல ஒரு பாறை. போகாதே என்று அந்தச் சந்துக்குச் சிவப்பு நாடா கட்டியவனே அவன்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். புத்தகத்தில் பெயர் அடித்திருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறான், அதுவும் ஆபத்தான இடத்தில். அந்த வசந்தத்தில்தான் மணிக்கட்டு போய்ப் பட்டறையை மூடியிருந்தான், யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தான். ஊர் இரண்டும் இரண்டும் நாலு என்றது. ஹெட்விக் சிவப்பு ஹெல்மெட்டைத் தவறாகப் பார்த்ததை எல்லாரும் மன்னித்தார்கள். யாருக்கும் வரும் தப்புதானே. கோட்டைப் பற்றி யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இரண்டு வருடமாக அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருவரும் தபால் பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை வந்து ஏறத் தொடங்கினார்கள். வழியெல்லாம் ஹெட்விக் போட்ட மஞ்சள் அடையாளங்கள். அவை ஒவ்வொன்றையும் தாண்டும்போது அவளுக்குக் கூசியது.

டொமினி கொட்டகை வாசலில் பால்கேன் கழுவிக்கொண்டிருந்தார். அறுபத்தொன்பது வயது, வாயில் அணைந்த சுருட்டு.

"அடேங்கப்பா, ரெண்டு சீமாட்டிங்களும் குகைக்குப் போறீங்களாக்கும்? வௌவாலுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா? பயந்து செத்துறப் போவுது."

"உங்க மூஞ்சியவே தினமும் பாக்குற வௌவாலு, எங்களைப் பாத்தா பயப்படப் போவுது?" என்றாள் பிரிஷ்கா.

"வாய் மட்டும் குறையலை" என்று சிரித்துவிட்டு, மூன்று குவளையில் காபி ஊற்றி, கேட்காமலே சாராயமும் ஊற்றினார். பிரிஷ்கா எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் சிரிப்பு நின்றது. கீழே பார்த்தபடி குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஆறு மணிக்கு நான்தாம்மா போய்ப் பாத்தேன். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. கோட்டைப் பாத்தேன். சரி, பய இன்னைக்காவது மறக்காம அடிச்சானேன்னு நெனச்சுட்டு வந்து சூப்பு குடிச்சுட்டுப் படுத்தேன். வாசல்ல நின்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கலை. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் போனா ஒரு குரல் கொடுத்துட்டுத்தான் வர்றேன். கிறுக்கு புடிச்சுப் போச்சு எனக்கு."

"உங்க மேல என்னண்ணே தப்பு? அவன் அடிச்சுட்டுப் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் பிரிஷ்கா.

ஹெட்விக் குவளையைக் கீழே வைத்தாள். தன் பாவத்தை இந்தக் கிழவரும் அல்லவா இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறார். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். டொமினி அவளைப் பார்த்து, "பெயிண்டு காஞ்சு போச்சும்மா ரெண்டாவது வளைவுல, பாத்துக்கோ" என்றார். "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

குகைவாசலில் புதுத் தகரப் பெட்டி. உள்ளே புதுப் புத்தகம். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், நேரான எழுத்தில் விதிகள். ஐந்தாவது விதி: *ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே அடிக்கவும்.* எழுதியவள் ஹெட்விக். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊராட்சி அவளைத்தான் எழுதச் சொன்னது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று.

பிரிஷ்கா இருவர் பெயரையும் எழுதினாள். பதினொன்று பத்து, ஒரு மணி. பென்சிலை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். வெண்டலினின் சிவப்பு ஹெல்மெட். அதைத் தலையில் பார்த்ததும் ஹெட்விக் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் விளக்கை ஏற்றினாள்.

உள்ளே சில்லென்ற காற்று எதிரே வந்தது. முதல் கூடம் வரை நிமிர்ந்து நடக்கலாம். அதன்பின் குனிந்து, ஓரிடத்தில் தவழ்ந்து. பிரிஷ்காவின் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டாம் கூடம் சர்ச் அளவுக்குப் பெரியது. தரையில் சிறு ஓடை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வலதுபக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, அந்தச் சந்து கறுப்பாகத் திறந்திருந்தது.

பிரிஷ்கா விளக்கைச் சுவரில் ஓட்டினாள். தலைக்கு ஒரு சாண் மேலே, கூடத்தைச் சுற்றிலும் ஒரு பழுப்புக் கறை. அதற்குக் கீழே சேறு, மேலே சுத்தமான பாறை. இலைச்சருகுகள் அந்த உயரத்தில் பிளவுகளில் சிக்கியிருந்தன.

"இது என்னடி?"

"தண்ணி வந்து நின்ன இடம். பெரிய மழை பெஞ்சா இந்தக் கூடம் நெறஞ்சுடும். பெய்ய ஆரம்பிச்ச ஒரு மணி நேரத்துல."

"அன்னைக்கும் நெறஞ்சுதா?"

"நெறஞ்சுது."

பிரிஷ்கா கறையைப் பார்த்தாள், மேலே இருக்கும் சந்தைப் பார்த்தாள். "அப்போ தண்ணிக்குப் பயந்து மேல ஏறியிருக்கலாம். வேற வழி இல்லாம." ஒரு நொடி அவள் குரலில் ஏதோ எழுந்தது. உடனே அவளே அதைத் தட்டிவிட்டாள். "இல்ல. சாகணும்னு முடிவு பண்ணவன் தண்ணிக்கு எங்க பயப்படப் போறான்? கோடு போட்டுட்டுத்தானே வந்தான்."

ஹெட்விக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிரிஷ்கா. அந்தக் கோடு அவன் போடலை."

ஓடை முணுமுணுத்தது.

"நான் போட்டேன். அந்த மஞ்சள் பூ இல்லடி, பெயிண்டு. என் தட்டை வெச்சுத்தான் கோடு போட்டேன். அவன் மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். அந்த ஹெல்மெட்டைப் பாத்துட்டு அவன்தான்னு நெனச்சேன். முன்னாடியும் அவனுக்கு நான் அடிச்சிருக்கேன். நிறைய தடவை. ஊர் மறுபடியும் சிரிக்கக் கூடாதுன்னு. ரொட்டி வெச்சிருந்தான் எனக்கு. அதை வாசல்ல உக்காந்து தின்னேன்டி நான். அவன் உள்ள இருக்கறப்ப தின்னேன்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. திங்கட்கிழமை மதியமே சந்தேகம் வந்ததையும் சொன்னாள், ஒரு ராத்திரி சும்மா இருந்ததையும் சொன்னாள். அதற்குள் அவன் போயிருப்பான் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தப்பித்ததையும் சொன்னாள். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் ஹெட்விக் எதிர்பாராத ஒன்று நடந்தது. பிரிஷ்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள்.

"அவன் அடிக்கலையா? அவன் பேரு அப்படியேதான் இருந்துச்சா? நாலு மணின்னு எழுதினானே, நாலு மணிக்கு வரத்தான் இருந்தானா?"

"வரத்தான் இருந்தான்."

"ஏன்டி, அன்னைக்குப் பாலும் வாங்கி வெச்சிருந்தான். ஞாயித்துக்கிழமை நான் வருவேன்னு ரெண்டு லிட்டர் வாங்கி வெச்சிருந்தான். நான்தான் அதைக்கூட நெனச்சுப் பாக்கலை..." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சுவரில் கைவைத்து, அந்தக் கறைக்கு மேலே தடவினாள். "ஏறிட்டான் பாரு. மணிக்கட்டு உடைஞ்சவன். பொழைக்கணும்னு ஏறிட்டான். எருமை. என் எருமை."

ஹெட்விக் எழுந்து அவளைத் தொடப் போனாள். அப்போதுதான் பிரிஷ்காவின் முகம் மாறியது. சிரிப்பு வந்த வழியே போனது. கணக்கு ஒன்று அவளுக்குள் முடிவதை ஹெட்விக் பார்த்தாள். அந்தக் கணக்கை அவளும் எத்தனை ராத்திரி போட்டிருக்கிறாள்.

"அப்போ அவன் காத்துக்கிட்டு இருந்திருக்கான்" என்றாள் பிரிஷ்கா. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "பேரு எழுதி வெச்சிருக்கோம், டொமினி பாப்பாரு, எட்டு மணிக்கெல்லாம் ஆளுங்க வந்துடுவாங்கன்னு. தண்ணி வடிஞ்சதும் வருவாங்கன்னு. ஞாயித்துக்கிழமை பூரா. ஒவ்வொரு சத்தத்துக்கும் இதோ வந்துட்டாங்கன்னு."

"ஆமா."

"வர்றதுக்கு ஆள் இல்லைன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாது."

"நானும் ரெண்டு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கல்லறைக்கு ஒரு பூ வைக்கலை. நீ பாத்துக்கிட்டு இருந்த. என் சமையல்கட்டுல உக்காந்து, காபி குடிச்சுக்கிட்டு, நான் அவனைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டு இருந்த."

கோடு ஒரு தப்பு. யாருக்கும் வரும். ஆனால் அந்த இரண்டு வருடக் காபி தவறுதலாக நடந்ததில்லை. அதை ஹெட்விக் நாள்தோறும் தெரிந்தே குடித்தாள். மன்னிப்பு என்ற சொல் நாக்குவரை வந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் அது ரொம்ப அற்பமாகத் தோன்றியது, விழுங்கிவிட்டாள்.

பிரிஷ்கா முதுகுப்பையைக் கழற்றினாள். பழைய புத்தகத்தை வெளியே எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து, கல்மேல் வைத்து, பென்சிலை நீட்டினாள்.

"எழுது."

"என்ன எழுத?"

"நடந்ததை எழுது. உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்குமே."

விளக்கு வெளிச்சத்தில் ஹெட்விக் எழுதினாள். எழுத்து மேலும் கீழுமாக ஓடியது, அதை நேராக்க அவளுக்குத் தோன்றவில்லை. *இந்தக் கோட்டைப் போட்டவள் நான். வெண்டலின் அடிக்கவில்லை. அவர் நாலு மணிக்குத் திரும்ப இருந்தார். ஹெட்விக் ஷெல்பெர்ட்.* தேதியும் போட்டாள்.

பிரிஷ்கா வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். மூடிப் பையில் வைத்தாள்.

"இப்போ டொமினிக்குக் காட்டுவேன். அந்த மனுஷன் இனிமேலாவது தூங்கட்டும். அப்புறம் பாதிரியாருக்கு. திங்கக்கிழமை கல்தச்சனுக்கு. ரெட்டைப் பேர்க் கல்லு. நாளைக்குப் பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்றப்ப வாசல்ல நின்னு ஊருக்கே படிச்சுக் காட்டுவேன். அவன் ஓடிப்போனவன் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியணும்."

"படி" என்றாள் ஹெட்விக்.

"நீயும் அங்க நிக்கணும்."

"நிக்கறேன்."

பிரிஷ்கா அந்தச் சந்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "நாலு மணிக்கு வந்துடறேன்னான்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு திரும்பி, ஹெட்விக்குக்காக நிற்காமல், வந்த வழியே போனாள். சிவப்பு ஹெல்மெட் குனிந்து மறைந்தது.

ஹெட்விக் ஓடைச் சத்தத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெண்டலினுக்கு இதே சத்தம்தான் கேட்டிருக்கும். ஒன்றரை நாள். இந்தச் சத்தத்துக்கு நடுவில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருப்பான். அவளால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. எழுந்து தவழ்ந்து வெளியே வந்தாள்.

வெயில் கண்ணைக் குத்தியது. தகரப் பெட்டி திறந்தபடி இருந்தது. புத்தகத்தில் இரண்டு பெயர்கள். மேலே *பிரிஷ்கா ஹைன்ஸர்*, கோணல்மாணலாக ஒரு கோட்டில் அடித்திருந்தது. கீழே *ஹெட்விக் ஷெல்பெர்ட்*. அதைப் பிரிஷ்கா தொட்டிருக்கவில்லை. வழக்கமாகக் குகையிலிருந்து வரும்போது யார் முந்தி வந்தாலும் இருவர் பெயரையும் அடித்துவிடுவார்கள், கூட வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், விதி என்ன சொன்னாலும். பிரிஷ்கா தன் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தாள்.

கீழே, டொமினியின் கொட்டகைப் பாதையில், சிவப்பு ஹெல்மெட் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அது யாரென்று ஹெட்விக்குக்குச் சந்தேகமில்லை. பழக்கதோஷத்தில் கை பாதி எழுந்தது. ஹெல்மெட் திரும்பவில்லை. கையை இறக்கிக்கொண்டாள்.

பென்சிலை எடுத்தாள். முதுகுப்பையில் தகரத் தட்டு இருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. தன் பெயரைத் தானே அடித்தாள். கோடு எங்கோ ஆரம்பித்து எங்கோ முடிந்தது. பெட்டியை மூடிவிட்டு, டொமினியின் கொட்டகையை நோக்கி அவளும் இறங்கினாள்.